பட்டினி கிடந்தால் காசநோய்க் கிருமி சாகுமா? மலையகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 52 வயதுப் பெண். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறு வயதிலிருந்தே கொழுந்து பறிக்கிறார். ஆறு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இரண்டு மாதமாக இருமல், பின்னேரமானால் காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் அளவுக்கு வியர்வை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்று, டவுனில் ஒரு மருந்துக்கடையில் இருமல் பாணியும் ஆன்டிபயோட்டிக்கும் வாங்கிச் சமாளித்திருக்கிறார். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் எங்கள் மார்புநோய் கிளினிக்குக்கு வந்தார். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எடை 41 கிலோ, உயரம் 150 சென்டிமீட்டர். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப் பகுதியில் ஒரு குழி. காசநோய்க் குழி வழக்கமாக மேல் பகுதியில்தான் இருக்கும். சீனி உள்ளவர்களிடம் இப்படிக் கீழே வருவது அதிகம், அதனால் சாதாரண நிமோனியா என்று விட்டுவிடவும் வாய்ப்புண்டு. சளியில் கிருமி இருந்தது. ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனையில், ரிபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று தெரிந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 10.4 சதவீதம். நீரிழிவு இருந்தால் காசநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே இந்த இரண்டும் ஒரே உடம்பில் வந்து நின்றதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ரிபாம்பிசின், ஐசோனியசிட், பிரசினமைட், எதம்பியூட்டோல் நான்கும் சேர்ந்த மாத்திரை, அவருடைய எடைக்கு நாளுக்கு 3. இரண்டு மாதம் அது, பிறகு நான்கு மாதம் ரிபாம்பிசினும் ஐசோனியசிட்டும். கை கால் விறைப்பு வராமலிருக்க விற்றமின் பி6. சீனிக்கு முன்பு எடுத்துவந்த கிளிக்ளசைட் மாத்திரையை நிறுத்தினோம். ரிபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு அந்த மாத்திரையை விரைவாகச் சிதைக்கவைக்கும், சீனி கட்டுக்குள் நிற்காது. மெட்ஃபோர்மின் என்ற மற்றச் சீனி மாத்திரையைத் தொடரவிட்டு, கூடவே காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடச் சொல்லிக் கொடுத்தோம். மாத்திரையைத் தினமும் ஒருவர் கண்முன் விழுங்கவேண்டும். அவர் குடியிருக்கும் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்துப் பிள்ளைக் காம்பராவை, அதாவது குழந்தைகள் பராமரிப்பிடத்தை, பார்த்துக்கொள்ளும் அக்கா அந்தப் பொறுப்பை ஏற்றார்.

ஐந்தாம் கிழமை நடந்ததுதான் இந்த ஆய்வை எழுதவைத்தது. காய்ச்சல் விட்டதும் இந்த அம்மா வேலைக்குத் திரும்பியிருந்தார். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிச் சரிந்திருக்கிறார். தோட்டத்து மருத்துவ உதவியாளர் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி வெறும் 43, ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. நினைவு இருந்ததால் சீனி கரைத்துக் குடிக்கக் கொடுத்து, லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவர் அன்று குளுக்கோமீட்டரோடு பக்கத்தில் இருந்தது பெரிய உதவி. வார்டில் எடை பார்த்தால் 38.5 கிலோ. சிகிச்சை தொடங்கிக் காய்ச்சல் நின்ற பிறகு எடை ஏறவேண்டும். இவருக்கு இறங்கியிருந்தது.

வாந்தி இல்லை, ஈரல் பரிசோதனை சரி, மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"வெறும் வயித்துல போடுற மாத்திரைதானே ஐயா. அதோட சேத்து பின்னேரம் வரைக்கும் பட்டினியா இருந்தா உடம்பே கிருமியத் தின்னுருமாம். மகன் போன்ல படம் அனுப்புனான். அதுக்கு நோபல் பரிசெல்லாம் குடுத்துருக்காங்களாம்."

மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மாவின் நோயைக் கேள்விப்பட்டதிலிருந்து தேடித் தேடிக் காணொளி பார்த்திருக்கிறார். மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும் என்பது உண்மை. ரிபாம்பிசின் அப்போதுதான் நன்றாக உடம்பில் சேரும். ஆனால் அது அரை மணி, ஒரு மணி நேரத்துக் கதை. காணொளியில் சொன்ன பட்டினி அந்த ஒரு மணி நேரத்தோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுவதுக்கும் நீண்டுவிட்டது. காலையில் இன்சுலினைப் போட்டுக்கொண்டு, ஒரு பிளேன்டீயோடு மலையேறி, பின்னேரம் வந்துதான் ரொட்டி. சீனி அப்படி இறங்கியது அதனால்தான்.

வார்டுக்கு ஓடிவந்த மகனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் நம்பியதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அந்தத் துண்டு எங்கே முடிகிறது என்பதை அவருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இனி வருவது அவரோடு பேசியதன் விரிவு.

உயிரணு தன் பழுதான பாகங்களையும், உள்ளே புகுந்த கிருமிகளையும் ஒரு இரட்டைச் சவ்வுப் பையால் சுற்றி வளைத்து, லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் கொண்டுபோய்க் கரைக்கும். இதுதான் ஓட்டோஃபஜி, தன்னுண்ணல். ஈஸ்டில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த யொஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சாப்பாடு குறைந்தால் உயிரணுவில் ஏ.எம்.பி.கே என்ற நொதி விழித்துக்கொள்ளும், எம்டோர் என்ற புரதம் அடங்கும், தன்னுண்ணல் தொடங்கும். இதுவரை காணொளியில் சொன்னது சரி.

காசநோயோடு இதை முதலில் இணைத்தது 2004இல் வந்த ஒரு ஆய்வு. கிண்ணத்தில் வளர்த்த மக்ரோபேஜ்களுக்கு, அதாவது கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களுக்கு, அமினோ அமிலங்களை நிறுத்திப் பார்த்தார்கள். தன்னுண்ணல் கிளம்பியது, உள்ளே இருந்த கிருமிகள் குறைந்தன. பட்டினி காசநோயைக் கொல்லும் என்ற பேச்சுக்கு விஞ்ஞானத்தில் ஒரு வேர் உண்டென்றால் அது இதுதான். ஆனால் கிண்ணத்தில் அமினோ அமிலத்தை நிறுத்துவதும் ஒரு பெண்ணுக்குச் சாப்பாட்டை நிறுத்துவதும் ஒன்றல்ல. மனிதர் பட்டினி கிடந்தால் உடம்பு தசையைக் கரைத்து இரத்தத்தில் அமினோ அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். நுரையீரலில் இருக்கும் மக்ரோபேஜ் கிண்ணத்தில் பட்ட பஞ்சத்தைப் படாது. பஞ்சம் தசைக்குத்தான். இந்த அம்மாவின் மேற்கையைப் பிடித்துப் பார்த்தபோது என் விரல்கள் சுற்றிவந்து தொட்டுக்கொண்டன.

பட்டினி உதவாததற்கு இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. புரதம் குறிக்காத ஆர்.என்.ஏ, அதாவது மரபுத் தொகுதியிலிருந்து படியெடுத்தாலும் புரதம் செய்யாத நகல், இங்கேதான் வருகிறது. நம் மரபுத் தொகுதியில் புரதம் செய்யும் குறிப்பு ஏறத்தாழ 2 சதவீதம்கூட இல்லை. மீதியிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏக்களில் பல, எந்தப் புரதத்தையும் செய்யாமல் மற்ற மரபணுக்களைக் கூட்டியும் குறைத்தும் ஆளுகின்றன. அவற்றில் மிகச் சிறியது மைக்ரோ ஆர்.என்.ஏ, சுமார் 22 எழுத்து நீளம். ஒரு புரதத்துக்கான செய்தி ஆர்.என்.ஏயின் வால் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும், அந்தப் புரதம் குறைந்துவிடும். 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்ட விக்டர் அம்புரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024இல் நோபல் கொடுத்தார்கள். மகன் கேள்விப்பட்டது 2016இன் பரிசு. அம்மாவின் நுரையீரலில் நடப்பதைப் புரிந்துகொள்ள 2024இன் பரிசையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் தன்னுண்ணலையும் ஆளுகின்றன என்பது 2009இல் வெளிவந்தது. புற்றுநோய் உயிரணுக்களில் 30ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ, தன்னுண்ணலைத் தொடக்கிவைக்கும் பெக்லின் 1 புரதத்தைக் குறைப்பதை அப்போது காட்டினார்கள். காசநோய்க்கு முக்கியமான செய்தி 2016இல் வந்தது. காசநோய்க் கிருமி மக்ரோபேஜுக்குள் புகுந்ததும் 33 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏயைக் கூட்டிவிடுகிறது. இந்த 33 நம்முடையதுதான், கொலஸ்ட்ரோல் கணக்கைப் பார்க்கும் ஒரு மரபணுவின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிருமி அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. 33 கூடினால் இரட்டைச் சவ்வுப் பையைக் கட்டும் ஏ.டி.ஜி.5, ஏ.டி.ஜி.12, எல்.சி.3பி குறைகின்றன. செரிமானப் பையின் சவ்வுப் புரதமான லாம்ப் 1 குறைகிறது. பட்டினியை உணரும் ஏ.எம்.பி.கேயே குறைகிறது. அதோடு கொழுப்பை எரிக்கும் வேலையும் மந்தமாகி, மக்ரோபேஜுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. காசநோய்க் கிருமிக்கு அந்தக் கொழுப்புத்தான் சாப்பாடு. தன்னைக் கொல்ல வரும் வழியை அடைப்பதும் தனக்குச் சோறு சேர்ப்பதும் ஒரே ஒரு சிறு ஆர்.என்.ஏயால் நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது பிரமிப்பாகவே இருக்கிறது.

இரத்த அணுக்களில் 33 இல்லாதபடி செய்த எலிகளில் கிருமி குறைவாகவே வளர்ந்தது. ஆக, 33 வெறும் பக்க விளைவு அல்ல.

மகனிடம் இதைத் தாளில் வரைந்து காட்டினேன். பட்டினி என்ற கட்டளை மேலிருந்து வருகிறது, 33 அறுப்பது அதற்குக் கீழே. மலையில் ஊற்று எவ்வளவு பெருகினாலும், நடுவில் குழாயை வெட்டிவிட்டால் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வராது. அவருக்கு உடனே பிடிபட்டது. "அப்ப அந்த 33ஐ நிப்பாட்ட மருந்து இல்லையா டொக்டர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

33ஐத் தடுக்கும் மூலக்கூறுகள் இதய நோய்க்காக ஏற்கெனவே விலங்குகளில் சோதிக்கப்பட்டவை. 33ஐத் தடுத்தால் நல்ல கொலஸ்ட்ரோல் கூடும் என்பது 2010 முதல் தெரியும். சிக்கல் என்னவென்றால், 33 அறவே இல்லாத எலிகளுக்குக் கொழுப்புணவு கொடுத்தபோது அவை பருத்து, ஈரலிலும் கொழுப்பு ஏறியது. இது 2013இல் வந்த செய்தி. சீனி வருத்தக்காரிக்கு அந்த விளைவைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. மைக்ரோ ஆர்.என்.ஏயை மருந்தாக்குவது பொதுவாகவே கவனமாகச் செய்யவேண்டிய காரியம். 34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏயின் செயற்கை நகலைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த பரிசோதனை, கடும் நோயெதிர்ப்புப் பக்க விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ ஒரு மரபணுவோடு மட்டும் பேசுவதில்லை, பல நூறோடு பேசும். ஒன்றைத் திருப்பினால் என்னென்ன சேர்ந்து திரும்பும் என்பதை உடம்பு முழுக்கப் பார்க்கவேண்டும்.

33 மட்டும்தான் என்றும் இல்லை. 27ஏ என்பது கல்சியம் வாயில் ஒன்றைக் குறைத்து அந்த வழியாகத் தன்னுண்ணலைத் தடுக்கிறது. 144 வேறொரு தன்னுண்ணல் புரதத்தைக் குறைக்கிறது. 155 மாறாக எம்டோரைத் தூண்டும் புரதத்தைக் குறைத்துத் தன்னுண்ணலைக் கூட்டுவதாக 2013இல் காட்டினார்கள். நீண்ட புரதம் குறிக்காத ஆர்.என்.ஏக்களில் மெக் 3 என்ற ஒன்று உண்டு. காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் பி.சி.ஜி கிருமி புகுந்த மக்ரோபேஜில் அதைக் குறைத்தால் தன்னுண்ணல் கூடி, கிருமி அழிகிறது. இத்தனை கைகள் இழுக்கும் இடத்தில் ஒரே பொத்தானை அழுத்தித் தன்னுண்ணலைக் கூட்டலாம் என்று சொல்லும் எந்தக் காணொளியையும் நான் நம்பமாட்டேன்.

கூட்டினால் எப்போதும் நல்லது என்ற கணக்கே பிழை. குரோன் நோய் என்ற குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்கு ஐ.ஆர்.ஜி.எம் மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றத்தால் புரதம் மாறுவதில்லை, அதனால் வெகு நாளாக அது வெறும் அடையாளம் என்றே நினைத்தார்கள். 196 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ ஒட்டும் இடம் அதுவென்று 2011இல் தெரிந்தது. எழுத்து மாறினால் 196க்குப் பிடி கிடைப்பதில்லை, தன்னுண்ணலுக்கு உதவும் அந்தப் புரதம் மிதமிஞ்சிப் போகிறது, குடல் கிருமியைக் கரைக்கும் வேலை கூடுவதற்குப் பதிலாகக் கெடுகிறது. புற்றுநோயிலோ, வளர்ந்துவிட்ட கட்டி தன்னுண்ணலைப் பயன்படுத்தித்தான் சாப்பாடு இல்லாத காலத்தைக் கடத்துகிறது. அதனால் அங்கே அதைத் தடுக்கத்தான் மருந்து தேடுகிறார்கள்.

காசநோயிலும் படம் ஒரே நிறத்தில் இல்லை. 2015இல் எலிகளின் மக்ரோபேஜிலிருந்து தன்னுண்ணல் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது நோய் அவ்வளவாக மோசமாகவில்லை. ஏ.டி.ஜி.5 மட்டும் பெரிதாக விளையாடியது, அதுவும் நியூட்ரோஃபில் என்ற வேறொரு அணுவில். தன்னுண்ணலுக்குக் காசநோயில் பங்கே இல்லையோ என்ற கேள்வி எழுந்தது. 2023இல் மனித மக்ரோபேஜ்களில் ஏ.டி.ஜி.7ஐயும் ஏ.டி.ஜி.14ஐயும் நீக்கியபோது கிருமி கட்டுமீறி வளர்ந்தது. என் கணிப்பில் மனிதரில் தன்னுண்ணலுக்குப் பங்கு உண்டு. எலியை வைத்து மட்டும் இதில் தீர்ப்பு எழுதக்கூடாது.

இந்த அம்மாவின் இரத்தத்தில் 33ஐ அளந்தீர்களா என்று ஒரு மாணவர் கேட்டார். அளக்கவில்லை. நுரையீரலின் கிருமிக் கட்டிக்குள் இருக்கும் மக்ரோபேஜில் 33 எவ்வளவு என்பதைக் கைநரம்பில் எடுத்த இரத்தம் சொல்லாது. சொன்னாலும் நாங்கள் கொடுத்த மருந்து மாறியிருக்காது.

மகனிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு இரண்டு விடயம். முதலாவது, 2012இல் ஒரு ஆய்வு காட்டியபடி, ஐசோனியசிட்டும் பிரசினமைட்டும் கிருமியைத் தாக்கும்போதே அந்த மக்ரோபேஜில் தன்னுண்ணலையும் கிளப்பிவிடுகின்றன. அந்தத் தன்னுண்ணல் இல்லாவிட்டால் மருந்தின் வீரியமும் குறைகிறது. மகன் பட்டினியில் தேடியது அம்மா தினமும் விழுங்கும் மாத்திரையிலேயே இருக்கிறது. இரண்டாவது, மக்ரோபேஜைத் தட்டியெழுப்பி உள்ளே தன்னுண்ணலைத் தொடக்கிவைக்கும் வலுவான சமிக்ஞை, டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரோன் காமா. புரதம் குறைந்த சாப்பாட்டில் வளர்த்த எலிகளுக்குக் காசநோய் கொடுத்த ஆய்வு 1996இல் வந்தது. அந்த எலிகளில் இன்டர்ஃபெரோன் காமா குறைந்தது, விரைவில் செத்தன. புரதத்தைத் திருப்பிக் கொடுத்ததும் தேறின. பட்டினி, கிருமியைக் கரைக்கும் சமிக்ஞையையே பறித்துவிடுகிறது.

மனிதரிலும் சான்று இருக்கிறது. இந்தியாவின் ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்குச் சாப்பாட்டுப் பொதி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. பொதி கிடைத்த வீட்டாருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம். நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் இறப்பதும் குறைவாகவே இருந்தது. மலையகத்து லயங்களில் காசநோயைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, புரதம் குறிக்காத ஆர்.என்.ஏ பற்றிய எல்லா ஆய்வுகளையும்விட உடனே கையில் எடுக்கக்கூடியது இதுதான். காலை ரொட்டியும் சம்பலும், பகலுக்கும் அதே ரொட்டி என்று மலையேறும் பெண்களுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? இதைக் கேட்காமல் தன்னுண்ணலைப் பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மெட்ஃபோர்மினைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் ஏ.எம்.பி.கே வழியாகத்தான் வேலை செய்கிறது. 2014இல் எலிகளில் அது காசநோய்க் கிருமியைக் குறைத்ததாகக் காட்டினார்கள். 33 போடும் தடை முழுத் தடை அல்ல என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம். ஆனால் நாங்கள் இவருக்கு அதைச் சீனிக்காகக் கொடுத்தோம், காசநோய்க்காக அல்ல. சீனி இல்லாதவர்கள் காசநோய்க்கென்று அதை வாங்கி விழுங்கவேண்டியதில்லை.

வார்டிலிருந்து அனுப்பும் முன் நேரத்தை மணிக்கணக்கில் எழுதிக் கொடுத்தோம். காலை ஆறு மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் மாத்திரை. ஆறரைக்கு இன்சுலின். ஏழு மணிக்குச் சாப்பாடு, சாப்பிட்ட பிறகுதான் மலைக்கு. ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அவித்த முட்டை அல்லது பருப்பு, பகலுக்கு நெத்தலியோ சோயாவோ, கையில் எப்போதும் இரண்டு டொஃபி. இன்சுலின் அளவையும் குறைத்தோம். பட்டினிக் காணொளி அனுப்பிய மகன் இப்போது மாதம் தவறாமல் முட்டைக்குக் காசு அனுப்புகிறார். பக்கத்து லயத்திலும் யாரோ அதே காணொளியைப் பார்த்துவிட்டுக் காலைச் சாப்பாட்டை விட்டிருந்தார்கள், பிள்ளைக் காம்பரா அக்காவே பேசித் திருத்தியிருக்கிறார். இப்போது எங்கள் கிளினிக்கில் எடை குறைந்து வருகிறவர்களிடம் சாப்பாட்டு நேரத்தையும் இன்சுலின் நேரத்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறோம்.

இரண்டாம் மாத முடிவில் சளியில் இன்னும் சில கிருமிகள் தெரிந்தன. சீனி உள்ளவர்களில் இப்படித் தாமதமாவதுண்டு. வளர்ப்புப் பரிசோதனைக்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்கும் அனுப்பினோம், எதிர்ப்பு எதுவும் இல்லை. மூன்றாம் மாதம் சளி சுத்தம், ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் அப்படியே. எடை 45.5 கிலோ. எச்.பி.ஏ.1சி 7.6. வீட்டில் இருந்த நான்கு வயதுப் பேத்திக்கு நோய் இல்லை, தடுப்புக்காக ஆறு மாத ஐசோனியசிட் கொடுத்தோம். மகனுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், சுத்தம்.

காசநோய் மருந்து முடிந்தாலும் கிளினிக் முடியவில்லை. ரிபாம்பிசின் நின்று சில கிழமைகளில் ஈரலின் முடுக்கம் அடங்கும், கிருமி போனதால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் மறுபடியும் சீனி இறங்கிவிடலாம். அதனால் முதல் இரண்டு மாதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். பேர் போகாதபடி சனிக்கிழமை பின்னேரத்தில் பார்க்கிறோம்.